இணையத்துக்காகப் படத்தைச் சிறிதாக்குவது: முதலில் பிக்சல், பிறகு கிலோபைட்

செல்போனில் எடுத்த சாதாரணப் படம் ஒன்று 4000 × 3000 பிக்சல் இருக்கும், அதாவது அகலத்தில் 4000, உயரத்தில் 3000 நிறப் புள்ளிகள். கோப்பின் எடை 3 முதல் 6 மெகாபைட். அதை அப்படியே ஓர் இணையப் பக்கத்தில் ஏற்றினால், பார்ப்பவர் திரையில் 800 பிக்சல் அகலத்தில்தான் தெரியப்போகிறது. மீதிப் பிக்சல்கள் இறங்கி வந்து வீணாகும். பக்கம் தவழும், டேட்டா கரையும். ஆன்லைன் விண்ணப்பம் என்றால் 'கோப்பு மிகப் பெரியது' என்று திருப்பி அனுப்பிவிடும். இதைச் சரிசெய்யக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இலவசக் கருவிகளே போதும், வரிசை தெரிந்தால்.

'சைஸ்' என்ற ஒரு சொல், மூன்று பொருள்

பெரும்பாலான குழப்பம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. 'படத்தின் சைஸைக் குறை' என்று சொல்பவர் மூன்றில் எதையும் சொல்லலாம்: படத்தில் எத்தனை பிக்சல், கோப்பு எத்தனை கிலோபைட், காகிதத்தில் அச்சிட்டால் எத்தனை சென்டிமீட்டர்.

திரையைப் பொறுத்தவரை மூன்றாவதற்கு வேலையே இல்லை. 72 டிபிஐ, 300 டிபிஐ என்பதெல்லாம் ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி அச்சிட வேண்டும் என்று சொல்லும் அச்சுக்கான குறிப்பு. 1200 × 900 பிக்சல் படத்தின் டிபிஐயை 300-லிருந்து 72 ஆக்கினால் பிக்சல் ஒன்றுகூடக் குறையாது, கோப்பின் எடையும் இறங்காது. 'இணையத்துக்கு 72 டிபிஐ வைக்க வேண்டும்' என்ற பழைய அறிவுரையைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

மீதி இரண்டில் முதலில் தொட வேண்டியது பிக்சல். கணக்கைப் பாருங்கள்: 4000 × 3000 என்பது 1.2 கோடிப் பிக்சல். அதை 1600 × 1200 ஆக்கினால் 19.2 லட்சம், கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாமல் எடையின் பெரும்பகுதி இந்த ஒரே படியில் போய்விடுகிறது. பிக்சலைத் தொடாமல், ஜேபெக் (புகைப்படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான கோப்பு வடிவம்) கேட்கும் தரத்தை மட்டும் 30, 20 என்று இறக்குவதுதான் பலர் செய்யும் தவறு. படம் கட்டம் கட்டமாகச் சிதைந்த பிறகும் கோப்பு கனமாகவே இருக்கும்.

எத்தனை பிக்சல் வேண்டும்?

படம் எங்கே தெரியப்போகிறது என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள். உங்கள் பக்கத்தில் எழுத்து ஓடும் பத்தியின் அகலம் 700 பிக்சல் என்றால், அடர்த்தியான திரைகளையும் கணக்கில் கொண்டு அதன் இரு மடங்கு, அதாவது 1400 போதும். முழுத்திரை அகலத்துக்கு விரியும் படத்துக்கு 1920 நல்ல எண். இன்ஸ்டாகிராம் 1080 பிக்சல் அகலம்வரை வைத்துக்கொள்கிறது. ஃபேஸ்புக்கில் 2048 அகலம் வரை கொடுக்கலாம். யூடியூப் வீடியோவின் முகப்புப் படத்துக்கு 1280 × 720. ஒரு சுட்டியைப் பகிரும்போது கூடவே தெரியும் படத்துக்கு 1200 × 630 வழக்கம்.

இந்தத் தளங்கள் நீங்கள் பெரிய படத்தைக் கொடுத்தாலும் தாங்களே சுருக்கிக்கொள்ளும். ஆனால் அவை தம் வசதிக்குச் சுருக்கும், உங்கள் படத்துக்காகப் பார்த்துச் செய்யாது. அவர்கள் அளவிலேயே, நல்ல தரத்தில் நீங்கள் கொடுத்தால் சிதைவு குறைவு.

எந்தப் பயன் என்று தெரியாவிட்டால் நீளமான பக்கம் 1600 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களுக்கு அது பொருந்தும்.

வேலையின் வரிசை

அசல் கோப்பை ஒருபோதும் தொடக் கூடாது. நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். பிறகு வெட்டுதல், வெளிச்சம் நிறம் திருத்துதல், சிறிதாக்குதல், லேசாகக் கூர்மையாக்குதல், கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக்காக வெளியே எடுத்தல். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் அதிகம் கவனிக்காத நுணுக்கத்தைத் தூக்கி எறிகிறது. எறிந்தது திரும்ப வராது. திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடி திறந்து என்று ஐந்து முறை போனால் இழப்பு மேல் இழப்பாகச் சேர்ந்துவிடும். கூர்மையாக்குவதைச் சிறிதாக்கியதற்குப் பின் வைப்பதற்கும் காரணம் இதேபோல்தான்: சுருக்கும்போது பல பிக்சல்கள் கலந்து ஒன்றாகின்றன, விளிம்புகள் மழுங்குகின்றன. முன்பே கூர்மையாக்கியிருந்தால் அந்த உழைப்பு சுருக்கத்தில் கரைந்துவிடும்.

கிம்ப்பில் ஒரு படம், தொடக்கம் முதல் முடிவு வரை

கிம்ப் என்பது படம் திருத்தும் மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், முழுக்க இலவசம். 4000 × 3000 படம் ஒன்றை 1600 ஆக்குவோம்.

படத்தைத் திறந்ததும் 'ரொட்டேட்' செய்யவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் பிக்சல்கள் படுத்த நிலையிலேயே இருக்கும். 'இதை நிமிர்த்திக் காட்டு' என்ற குறிப்பு மட்டும் கோப்புக்குள் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத இடத்தில் படம் பக்கவாட்டில் சாய்ந்து தெரிவது இதனால்தான். இங்கேயே பிக்சலைத் திருப்பிவிட்டால் பிறகு எங்கேயும் சாயாது.

நிறக் குறிப்பு ('கலர் ப்ரொஃபைல்') மாற்ற வேண்டுமா என்று கேட்டால், இணையத்தில் வழக்கமான நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வர்ட்' செய்யுங்கள். புதிய போன்கள் பல, டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிறவெளியில் படமெடுக்கின்றன. அந்தக் குறிப்பு வழியில் எங்காவது உதிர்ந்துவிட்டால் சிவப்பும் பச்சையும் வெளுத்துத் தெரியும். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய படம் எங்கும் ஒரே மாதிரி வரும். 'அசைன்' என்பதைத் தொட வேண்டாம். அது பிக்சலை மாற்றாமல் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி ஒட்டுகிறது, நிறம் கெட்டுவிடும்.

அடுத்து 'இமேஜ்' மெனுவில் 'ஸ்கேல் இமேஜ்'. அலகு பிக்சலில் இருக்கிறதா என்று பாருங்கள். அகலம், உயரம் இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு சங்கிலிப் படம் இருக்கும். அது பூட்டியிருக்க வேண்டும், இல்லையேல் முகம் நீண்டோ சப்பையாகவோ போய்விடும். அகலத்தில் 1600 என்று அடித்து டேப் விசையைத் தட்டுங்கள். உயரம் தானே 1200 ஆகும். கீழே 'இன்டர்போலேஷன்' என்ற இடத்தில் 'க்யூபிக்' அல்லது 'நோஹேலோ' தேர்ந்தெடுங்கள். 'நன்' என்று இருந்தால் பிக்சல்களைக் கலக்காமல் இடையிடையே விட்டுவிட்டுப் பொறுக்கும். கம்பி, கூரை ஓடு, சேலைக் கோடு போன்றவை படிக்கட்டு மாதிரி உடையும்.

பிறகு 'ஃபில்டர்ஸ்' மெனுவில் 'என்ஹான்ஸ்' பிரிவில் 'ஷார்ப்பன்'. அது திறக்கும்போது ரேடியஸ் 3 என்று நிற்கும். சிறிதாக்கிய படத்துக்கு அது அதிகம். ரேடியஸ் 0.6, அமவுண்ட் 0.4 என்று தொடங்குங்கள். படத்தை 100% அளவில் வைத்துப் பார்த்தபடி செய்ய வேண்டும். வானத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு ஓடினால் மிஞ்சிவிட்டது என்று பொருள், குறையுங்கள்.

கடைசியாக 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்'. 'சேவ்' கொடுத்தால் கிம்ப் தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும், அதை இணையத்தில் ஏற்ற முடியாது. பெயரின் கடைசியில் ஜேபிஜி என்ற பின்னொட்டைப் போட்டால் தரம் கேட்கும் பெட்டி வரும். அதில் 'ஷோ ப்ரிவ்யூ' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். இப்போது ஸ்லைடரை நகர்த்த நகர்த்தக் கோப்பின் எடையும், படம் எப்படி ஆகிறது என்பதும் கண்முன் தெரியும். 80-ல் தொடங்குங்கள். 1600 × 1200 படம் அந்தத் தரத்தில், அதிலுள்ள நுணுக்கத்தைப் பொறுத்து, சுமார் 200 முதல் 500 கிலோபைட்டுக்குள் வரும். இலைகள் நிறைந்த மரம் கனக்கும்; வெற்றுச் சுவர் முன் நிற்கும் ஒருவர் இலகுவாக இருப்பார். தெளிந்த வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிய ஆரம்பித்தால் தரத்தை 85 ஆக்குங்கள். 95-க்கு மேல் போவதில் பலனில்லை. எடை மளமளவென்று ஏறும், கண்ணுக்கு ஒன்றும் கூடாது.

எக்ஸிஃப் தகவலைச் சேமிக்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். எடுத்த நேரம், போனின் மாடல் மட்டுமல்ல, லொகேஷன் இயங்கியிருந்தால் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட அதில் இருக்கும். நிறக் குறிப்பைச் சேமிக்கும் கட்டம் மட்டும் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: '80' என்ற எண் எல்லா மென்பொருளிலும் ஒன்றல்ல. கிம்ப்பின் 80-ம் இன்னொன்றின் 80-ம் வேறு வேறு முடிவு தரும். எண்ணை மனப்பாடம் செய்யாமல் படத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

எதையும் நிறுவாமல், உலாவியிலேயே

ஓரிரு படங்கள்தான் என்றால் ஸ்க்வூஷ் மிகச் சிறந்த வழி. கூகுளின் குரோம் குழுவினர் 2018-ல் வெளியிட்ட இணையக் கருவி இது. படத்தை இழுத்துப் போட்டால் நடுவில் ஒரு கோடு வரும். இடப்பக்கம் அசல், வலப்பக்கம் சுருக்கியது. வலப்பக்கப் பெட்டியில் 'ரீசைஸ்' என்பதை இயக்கி அகலத்தைக் கொடுங்கள், முறை 'லான்சோஸ்3' என்று இருக்கட்டும். கீழே ஜேபெக்காகச் சேமிக்கும் 'மோஸ்ஜேபெக்' தேர்ந்து தரத்தை 75 பக்கம் வையுங்கள். எத்தனை கிலோபைட் என்று அப்போதே கீழே தெரியும். கோட்டை முகத்தின் மேல் அங்குமிங்கும் நகர்த்திப் பாருங்கள். கண் இமையும் முடியும் கெடவில்லை என்றால் படம் நன்றாக வந்திருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்கு முக்கியக் காரணம் வேறு. ஸ்க்வூஷில் படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை, எல்லாம் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. தேடினால் வரும் பல 'இலவச ரீசைஸ்' தளங்கள் அப்படியல்ல. படம் அவர்கள் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. பூவோ மலையோ என்றால் பரவாயில்லை. அடையாள அட்டை, கையெழுத்து, குழந்தையின் படம் இவற்றை அங்கே ஏற்றாதீர்கள். ஒரு கருவி எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு: பக்கம் முழுதும் திறந்த பிறகு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். வேலை நடந்தால் படம் உங்களிடமே இருக்கிறது.

ஸ்க்வூஷில் வெட்ட முடியாது. போனிலோ கணினியிலோ ஏற்கெனவே இருக்கும் போட்டோ செயலியில் வெட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள். போன் உலாவியிலும் இது ஓடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு 'ப்ரிவ்யூ' செயலியே போதும். 'டூல்ஸ்' மெனுவில் 'அட்ஜஸ்ட் சைஸ்'. 'ரீசாம்பிள் இமேஜ்' டிக் இருந்தால்தான் பிக்சல் குறையும், இல்லாவிட்டால் டிபிஐ எண் மட்டும் மாறும். ப்ரிவ்யூ மாற்றங்களைத் தானாகவே அசல் கோப்பில் எழுதிவிடும் பழக்கம் உள்ளது. முதலில் 'டூப்ளிகேட்' செய்துவிட்டுத் தொடங்குங்கள். விண்டோஸின் பெயின்ட்டிலும் 'ரீசைஸ்' இருக்கிறது. ஆனால் ஜேபெக் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் இல்லை என்பதால் அவசரத்துக்கு மட்டும்.

நூறு படங்கள் என்றால்

ஒவ்வொன்றாகச் செய்தால் நாள் போய்விடும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பில் 'இமேஜ் ரீசைசர்' வருகிறது. கோப்புகளைத் தேர்ந்து வலது சொடுக்கினால் மெனுவில் அது தெரியும். அகலம், உயரம் இரண்டிலும் 1600 என்று போட்டு, முறையை 'ஃபிட்' என வைத்தால் படுத்த படமும் நின்ற படமும் அந்தக் கட்டத்துக்குள் விகிதம் மாறாமல் அடங்கும். 'ஸ்ட்ரெட்ச்' வேண்டவே வேண்டாம். சிறிதாக்க மட்டும், பெரிதாக்காதே என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அசலையே மாற்றும் கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் நூறு அசல்களும் ஒரே சொடுக்கில் போய்விடும்.

எக்ஸ்என்கன்வர்ட் மூன்று இயங்குதளங்களிலும் ஓடும், சொந்தப் பயனுக்கு இலவசம். படங்களைச் சேர்த்து, செயல்களில் 'ரீசைஸ்' சேர்த்து, பின்னால் ஒரு ஷார்ப்பன் செயலையும் கோத்துவிடலாம். அந்த வரிசையைச் சேமித்து வைத்தால் அடுத்த முறை அப்படியே எடுத்து ஓட்டலாம். வெளியீட்டுக்கு எப்போதும் தனி ஃபோல்டர் கொடுங்கள். முதலில் மூன்று படங்களை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியை விடுவது நல்லது.

விண்ணப்பப் படிவத்துக்கான படம்

அதிகம் பேர் திண்டாடும் இடம் இதுதான். படிவம் '3.5 × 4.5 செ.மீ, 300 டிபிஐ, 50 கிலோபைட்டுக்குள்' என்று கேட்கும். டிபிஐக்கு உண்மையிலேயே வேலை உள்ள இடமும் இதுதான், ஏனென்றால் சென்டிமீட்டரைப் பிக்சலாக்க அது வேண்டும். ஓர் அங்குலம் 2.54 செ.மீ. 3.5-ஐ 2.54-ஆல் வகுத்து 300-ஆல் பெருக்கினால் 413, 4.5-க்கு அதேபோல் 531. ஆக வேண்டியது 413 × 531 பிக்சல். 200 டிபிஐ என்று கேட்டிருந்தால் 276 × 354.

1. கிம்ப்பில் வெட்டும் கருவியை எடுத்து, அதன் விருப்பங்களில் 'ஃபிக்ஸ்டு', 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்று வைத்து 7:9 என அடியுங்கள். 3.5-க்கு 4.5 என்பதும் 7-க்கு 9 என்பதும் ஒன்றே.
2. தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, தோள் தெரியும்படி கட்டத்தை இழுத்து வெட்டுங்கள்.
3. 'ஸ்கேல் இமேஜ்' போய் 413 கொடுங்கள். உயரம் 531-க்கு ஒன்று கூடக் குறைய வந்தால் சங்கிலியைத் திறந்து 531 என்று அடித்துவிடுங்கள். ஒரு பிக்சலில் முகம் மாறாது. அதே பெட்டியில் ரெசல்யூஷன் 300.
4. 'எக்ஸ்போர்ட்' பெட்டியில் முன்னோட்ட எடையைப் பார்த்தபடி ஸ்லைடரை இறக்குங்கள். 45 கிலோபைட் பக்கம் நிறுத்துங்கள்.

50 வரை போகாமல் 45-ல் நிறுத்தச் சொல்வது ஏனென்றால், ஒரு கிலோபைட்டைச் சிலர் 1000 பைட் என்றும் சிலர் 1024 பைட் என்றும் எண்ணுகிறார்கள். விண்டோஸ் 49 என்று காட்டும் கோப்பு ஆயிரக் கணக்கில் 50-ஐத் தாண்டிவிடும். '20 கிலோபைட்டுக்குக் குறையக் கூடாது' என்றும் இருந்து, உங்கள் கோப்பு 17-ல் நின்றால் தரத்தை 95 ஆக்குங்கள், எடை ஏறிவிடும்.

தரத்தை 50-க்குக் கீழே இறக்கினாலும் எடை அடங்கவில்லையா? பின்னணியைப் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சுவரெல்லாம் பொடிப் பொடிப் புள்ளிகளாக இருக்கும். ஜேபெக் அதையும் நுணுக்கமென்று நினைத்துக் கட்டிக் காக்கும். ஜன்னல் வெளிச்சத்தில், வெற்றுச் சுவர் முன் மறுபடி எடுத்தால் அதே பிக்சலில் எடை நன்றாக இறங்கும். கையெழுத்துப் படத்துக்கும் இதே மருந்துதான்: போனில் எடுத்த காகிதம் சாம்பல் நிறத்தில் நிழலோடு இருக்கும். 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறந்து, வெள்ளைக்கான வலது முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தினால் காகிதம் பளிச்சென்று வெளுக்கும், மை மட்டும் நிற்கும், கோப்பும் இலேசாகும்.

ஸ்கிரீன்ஷாட், எழுத்துள்ள படம்

இவற்றுக்கு ஜேபெக் ஒத்துவராது. கூரிய எழுத்து விளிம்பைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் அழுக்குப் படியும். சிவப்பு எழுத்து குறிப்பாகக் கரையும், ஏனென்றால் ஜேபெக் பெரும்பாலும் நிறத் தகவலைப் பாதி அளவுக்குச் சுருக்கித்தான் வைக்கிறது. பிஎன்ஜி என்ற வடிவத்தில் சேமியுங்கள், அதில் எதுவும் இழக்கப்படுவதில்லை. அளவைக் குறைக்க நினைத்தால் சுருக்குவதைவிடத் தேவையான பகுதியை மட்டும் வெட்டுவது மேல். 73% போன்ற அளவுகளில் சுருக்கிய எழுத்து மங்கும். சுருக்கியே ஆக வேண்டுமென்றால் சரியாக 50% ஆக்குங்கள். எடை இன்னும் குறைய வேண்டுமா? ஸ்க்வூஷில் 'ரெட்யூஸ் பேலட்' இயக்கி நிறங்களை 256-க்குள் அடக்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அது கண்ணுக்கே தெரியாது. முகமுள்ள புகைப்படத்தில் அதைச் செய்யாதீர்கள், கன்னமெல்லாம் திட்டுத் திட்டாகிவிடும்.

வெப்பி என்ற வடிவம் 2010-ல் கூகுள் கொண்டுவந்தது. ஒரே தரத்தில் ஜேபெக்கைவிடச் சிறியதாக வரும், இன்றைய உலாவிகள் எல்லாம் திறக்கும். உங்கள் சொந்தத் தளத்துக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். விண்ணப்பம், மின்னஞ்சல் இணைப்பு என்றால் ஜேபெக்கே பத்திரம்.

வழக்கமாகத் தவறுவது

ஏற்றிய படம் மங்கலாகத் தெரிந்தால், தேவையைவிடச் சிறிய படத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், தளம் அதை இழுத்துப் பெரிதாக்குகிறது. 400 பிக்சல் படத்தை 1600 ஆக்கினால் இல்லாத விவரம் முளைக்காது, அசலுக்குத் திரும்பிப் போய் மறுபடி சிறிதாக்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துத் தொடங்கியிருந்தாலும் இதே சிக்கல்தான். அது வழியிலேயே சுருங்கி வந்தது. அனுப்புபவரிடம் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும்.

ஐபோன் படத்தைத் தளம் ஏற்க மறுத்தால், அது ஹெச்இஐசி வடிவமாக இருக்கும். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இதுதான் வழக்கம். கிம்ப்பில் திறந்து ஜேபெக்காக வெளியே எடுக்கலாம். இனி எடுக்கும் படங்களுக்கு 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மேட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தால் ஜேபெக்காகவே வரும். கோப்புப் பெயரின் வாலில் உள்ள எழுத்துகளை மட்டும் ஜேபிஜி என்று மாற்றுவது மாற்றமே ஆகாது. உள்ளே இருப்பது பழைய வடிவமேதான், கவனமான படிவங்கள் அதைக் கண்டுபிடித்து நிராகரிக்கும்.

ஏற்றிய பிறகு ஒரு முறை போனிலும் ஒரு முறை பெரிய திரையிலும் திறந்து பாருங்கள். பழைய படமே தெரிந்தால் பதற வேண்டாம். உலாவி முன்பு இறக்கி வைத்ததைக் காட்டுகிறது. புதிய கோப்புக்கு வேறு பெயர் வைத்து ஏற்றினால் சரியாகிவிடும்.